பிள்ளை பெற்று, பால் கொடுத்த பிறகு மார்பக அறுவை சிகிச்சை: வட சென்னைப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பிரசவமான பெண்களோடு நர்ஸாகப் பல வருஷம் இருந்தவள் நான். குழந்தைக்குத் தடுப்பூசி, எடை, சளி என்று எல்லாவற்றையும் பேசி முடித்து, கிளம்புகிற நேரத்தில்தான் சில பெண்கள் குரலைத் தாழ்த்தி இந்தப் பேச்சை எடுப்பார்கள். மார்பு தளர்ந்துவிட்டது, ஒரு பக்கம் பெரிசு ஒரு பக்கம் சிறிசு, பாரம் தாங்காமல் தோள் வலிக்கிறது, இதற்கு ஆபரேஷன் உண்டாமே என்று. டாக்டரிடம் கேட்டீர்களா என்றால், "ஐயோ, அதெல்லாம் எப்படிக் கேக்கறது" என்பார்கள். இப்படி வெளியே கேட்காமல் மூடி வைப்பதால்தான் கிரீம்காரனிடமும், படிப்பில்லாதவர்கள் நடத்தும் கிளினிக்கிலும் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

குழந்தைக்குப் பால் கொடுத்ததால்தானே மார்பு தொங்கிப் போகிறது?

இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பால் கொடுத்தால் அழகு போய்விடும் என்று பயந்து மூன்றாம் மாதமே புட்டிக்கு மாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கர் இதையே ஆராய்ந்தார். பிள்ளை பெற்ற பிறகு மார்பக ஆபரேஷனுக்கு வந்த 93 பெண்களின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2008-ல் வெளியானது. வயது, உடல் எடை, எத்தனை முறை கர்ப்பமானார்கள், கர்ப்பத்துக்கு முன்பே மார்பு பெரிதாக இருந்ததா, புகைப்பழக்கம் உண்டா, இவைதான் தளர்வுக்குக் காரணம் என்று தெரிந்தது. பால் கொடுத்ததும் கொடுக்காததும் வித்தியாசம் எதையும் செய்யவில்லை.

நடப்பது இதுதான். கர்ப்பத்தின்போதே பால் சுரப்பிகள் வளர்ந்து மார்பு பெருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கத் தோலும், உள்ளே மார்பைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய தசைநார்களும் இழுபடுகின்றன. பால் நின்றதும் சுரப்பிகள் சுருங்கிவிடும். இழுபட்ட தோல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. நீங்கள் ஒரு நாள்கூடப் பால் கொடுக்காமல் இருந்தாலும் இது நடக்கும். அதனால் ஆபரேஷன் யோசனை இருக்கிறது என்பதற்காகப் பாலை நிறுத்தாதீர்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு 2 வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது.

எண்ணெய், கிரீம், மசாஜ், உடற்பயிற்சி எதுவும் பலன் தராதா?

தண்டால் மாதிரியான பயிற்சிகள் மார்புக்கு அடியில் இருக்கும் தசையை உறுதியாக்கும். நிமிர்ந்து நிற்க உதவும், அதனால் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். ஆனால் மார்பகத்துக்குள்ளே தசை கிடையாது; சுரப்பியும் கொழுப்பும்தான். தளர்ந்த தோலை எந்தப் பயிற்சியும் மேலே தூக்காது. எண்ணெயும் கிரீமும் அதைக்கூடச் செய்வதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களின் மார்பக வடிவத்தை மாற்றும் மருந்து என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் சட்டப்படி குற்றம். 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் இது பேர் போட்டு இருக்கிறது. மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்தும், போனில் வரும் வீடியோவைப் பார்த்தும் பணம் அனுப்பும் முன்பு இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. கல்யாணத்தப்போ வாங்கிய அதே அளவு பிராவைத்தான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் போட்டுக்கொண்டிருப்பார்கள். மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின் மேல் ஒரு சுற்று, இரண்டையும் டேப்பால் அளந்துகொண்டு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஏதாவது ஒரு பெரிய கடையில் கேளுங்கள். அகலமான பட்டை, முழுதாக மூடும் கப், பின்னால் மூன்று கொக்கி. தோள் வலியும் ஜாக்கெட் பொருந்தாத கவலையும் இதிலேயே தீர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது எதற்கு, ஆடம்பரம்தானே என்கிறார் மாமியார்.

ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். பாரமான மார்பு என்றால் என்ன என்று சுமக்கிறவளுக்குத்தான் தெரியும். ஏப்ரல், மே வெயிலில் மார்புக்கு அடி மடிப்பில் வியர்வை தேங்கி, தோல் சிவந்து, அரிப்பெடுத்து, படை வந்து, பவுடர் போட்டுப் போட்டு ஓய்ந்து போகிறார்கள். பிரா பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் பள்ளமே விழுந்திருக்கும். கழுத்து வலி, முதுகு வலி வேறு. இதற்கு மார்பைச் சிறிதாக்குவது வைத்தியம்தான்.

வலி எதுவும் இல்லை, கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாலும் அதில் தப்பில்லை. உங்கள் உடம்பு, உங்கள் ஆசை. ஆனால் ஆசை உங்களுடையதாக இருக்க வேண்டும். "வீட்டுக்காரர் ஒரு மாதிரி பேசறார், அதனால செஞ்சிக்கறேன்" என்று வருகிறவர்களிடம் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆபரேஷன் அவர் பேச்சை மாற்றாது.

ஸ்டான்லியில் இலவசமாகச் செய்கிறார்கள் என்பது உண்மையா?

2018 பிப்ரவரியில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக சீரமைப்புக்கென்று தனி கிளினிக் தொடங்கினார்கள். ஏழைப் பெண்களுக்கு இலவசமாக, மார்பைச் சிறிதாக்குவது, பெரிதாக்குவது, புற்றுநோயால் எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்குவது எல்லாம். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த விஜயபாஸ்கர் சொன்ன காரணம் எனக்கு மறக்காது: ஏழைகளுக்கு இது கிடைக்காவிட்டால் கடன் வாங்குவார்கள், இல்லை ஆபத்தான வழியில் போவார்கள் என்றார். உயிர் காக்கிற சிகிச்சைக்கே காசு போதாதபோது இது எதற்கு என்று எதிர்ப்பும் வந்தது. நான் அமைச்சர் சொன்னதன் பக்கம். கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இலவசம் என்றால் கேட்டவுடனே நடந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு தீக்காயத்தையும் நசுங்கிப்போன கைகளையும் பார்க்க வேண்டும். கை அறுவை சிகிச்சைக்கு நாடு முழுக்கப் பேர் பெற்ற இடம் அது. தோள் வலி, படை, இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் என்று உடம்பு உபாதை இருப்பவர்களுக்கு முன்னுரிமை இருப்பது நியாயம். மின்ட் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. எந்தக் கிழமை" என்று மட்டும் கேளுங்கள். எதற்கு என்று கவுன்டரில் விளக்க வேண்டியதில்லை.

என்னென்ன ஆபரேஷன் இருக்கிறது? எனக்கு எது?

நான்கு வகை. தளர்ந்த மார்பை மேலே ஏற்றிக் கட்டுவது. பெரிய மார்பைச் சிறிதாக்குவது. சிலிக்கான் நிரப்பிய பையை உள்ளே வைத்துப் பெரிதாக்குவது. வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் நிரப்புவது. சிலருக்கு ஏற்றுவதையும் சிலிக்கானையும் சேர்த்துச் செய்வார்கள்.

எது என்று டாக்டர் முடிவு செய்யும் விதத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பிரா இல்லாமல் கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். மார்புக்கு அடியில் ஒரு மடிப்பு இருக்கிறதல்லவா, காம்பு அந்த மடிப்புக்கு மேலே இருக்கிறதா, அதே மட்டத்திலா, கீழேயா? மேலே இருந்து, உள்ளே வெறுமையாக மட்டும் தெரிந்தால் கொழுப்போ சிலிக்கானோ போதும் என்று சொல்லலாம். மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் சிலிக்கான் மட்டும் வைத்துப் பயனில்லை. பாரம் கூடி இன்னும் இறங்கும். தூக்கிக் கட்டித்தான் ஆக வேண்டும்.

தூக்கிக் கட்டும்போது தழும்பு எங்கே வரும் என்பதும் தளர்வைப் பொறுத்ததுதான். லேசான தளர்வு என்றால் காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் மட்டும். கொஞ்சம் கூடுதல் என்றால் அந்த வட்டத்திலிருந்து கீழே நேராக ஒரு கோடு. நிறையத் தளர்வு என்றால் அதோடு அடி மடிப்பிலும் ஒரு வெட்டு, பார்க்க நங்கூரம் மாதிரி. காசிமேட்டுப் பெண்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும், புரிந்துவிடும்.

பிரசவமாகி எத்தனை நாள் கழித்துச் செய்யலாம்?

பிரசவ நாளிலிருந்து கணக்கு இல்லை, பால் நின்ற நாளிலிருந்து. குறைந்தது 3 மாதம், 6 மாதம் ஆனால் இன்னும் நல்லது. அதுவரை மார்பு தானாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அளவெடுத்துத் தைத்தால் நாளைக்குப் பொருந்தாது. உள்ளே பால் மிச்சமிருந்தால் புண்ணில் தொற்று வரவும் வாய்ப்பு உண்டு.

பாலை வற்றவைக்க மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். இதை 1988-ல் டாக்டர்களே சோதித்து, பால் குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்காக அவசரப்பட்டுப் பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை மெதுவாக விடட்டும்.

எடையும் நிலையாக இருக்க வேண்டும். பிரசவ எடையை இன்னும் குறைத்துக்கொண்டிருந்தால் குறைத்து முடித்த பிறகு வாருங்கள்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே செய்துகொள்ளலாமா?

பொறுங்கள். அடுத்த கர்ப்பத்தில் தோல் மறுபடியும் இழுபடும், செய்தது வீணாகும். குடும்பம் முடிந்த பிறகு செய்வதுதான் எல்லா வகையிலும் நல்லது.

செய்த பிறகு எதிர்பாராமல் குழந்தை தங்கினால் பயப்பட வேண்டாம். கர்ப்பத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பால் விஷயம் மட்டும், எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. காம்பை அடியிலிருக்கும் சுரப்பியோடு சேர்த்தே நகர்த்தியிருந்தால் பால் வர வாய்ப்பு உண்டு, குறைவாக வரலாம். மார்பு மிகப் பெரிதாக இருந்து, காம்பைத் தனியாக எடுத்து ஒட்டியிருந்தால் வராது. இதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலிக்கான் வைத்தால் புற்றுநோய் வருமா?

சிலிக்கானால் சாதாரண மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள சில சிலிக்கான் பைகளைச் சுற்றி, நிணநீர் சார்ந்த ஓர் அரிய வகைப் புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குவதுதான் அதன் முக்கியமான அறிகுறி.

மார்பில் சிலிக்கான் வைப்பது 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடங்கியது. முதலில் வைத்துக்கொண்டவர் டிம்மி ஜீன் லிண்ட்சே, பிள்ளை பெற்ற தாய். அதற்கப்புறம் இதன் வரலாறு நேர்கோடாகப் போகவில்லை. 1992-ல் அமெரிக்க அரசு அழகுக்காக சிலிக்கான் ஜெல் வைப்பதை நிறுத்தி வைத்தது, 2006-ல்தான் மறுபடி அனுமதித்தது. பிரான்ஸில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத்துக்கு ஆகாத மட்டமான சிலிக்கானை அடைத்து விற்று 2010-ல் மாட்டியது. அதனால் எந்த நிறுவனத்துப் பை, எந்த எண் என்று அச்சிட்ட அட்டையைக் கையில் வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இது ஆயுளுக்கும் இருக்கிற பொருள் இல்லை என்பதையும் யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும். சுற்றிலும் உடம்பு ஓர் உறை போட்டுக்கொள்ளும். சிலருக்கு அது இறுகி, மார்பு கல்லாகி வலிக்கும். பை சத்தமில்லாமல் கிழியலாம். வைத்து 5, 6 வருஷத்தில் ஒரு தடவையும், அதன் பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. என்றைக்காவது மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரும். முதல் ஆபரேஷனுக்கு மட்டும் காசு வைத்திருந்தால் போதாது. இதனால்தான், தூக்கிக் கட்டினாலே சரியாகிவிடக்கூடிய பெண்ணிடம் சிலிக்கானை யாராவது வற்புறுத்தினால் எனக்குக் கோபம் வரும்.

முன்னால் என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

ரத்தம், சர்க்கரை, தைராய்டு, இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, மார்பு அல்ட்ராசவுண்ட். 40 வயது தாண்டியவர்களுக்கும் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. நம் பெண்களில் பாதிப் பேர் ரத்த டெஸ்டிலேயே நின்றுவிடுவார்கள், ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் அழகு ஆபரேஷன் பேச்சையே ஒத்திவையுங்கள். "பால் கட்டிக்கிச்சு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது நம்மிடம் சகஜம். பால் கட்டியது கொடுக்கக் கொடுக்கக் கரையும். இரண்டு வாரம் தாண்டியும் கரையாவிட்டால் காட்டுங்கள். பாலை நிறுத்திச் சில மாதம் வரை அழுத்தினால் துளி பால் வருவது இயல்பு. ரத்தமாக வந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ மறுநாளே ஆஸ்பத்திரி.

வெற்றிலையில் கொஞ்சம் புகையிலை போடுவேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். புகையிலை, மாவா, சிகரெட், எதுவானாலும் நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். இந்த ஆபரேஷனில் காம்பை இடம் மாற்றுகிறார்கள். அதற்கு ரத்த ஓட்டம் குறைந்தால் காம்பே கறுத்துச் செத்துப்போகலாம். முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரமாவது அறவே கூடாது. வீட்டுக்குள் கணவர் பீடி குடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், நாட்டு மருந்து, லேகியம் என எது சாப்பிட்டாலும் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தனியாரில் செய்தால் சரியான டாக்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டில் பேருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். படித்த பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி. என்கிறார்கள்) முடித்திருக்க வேண்டும். "காஸ்மெட்டிக் நிபுணர்" என்பது படிப்பு இல்லை. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் உண்டா, ராத்திரி ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். பியூட்டி பார்லரின் மாடியிலோ பல் கிளினிக்கின் பின் அறையிலோ செய்கிற ஆபரேஷன் இல்லை இது.

சில நாளுக்குள் முடிவு செய்தால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு? காப்பீட்டில் வருமா?

அழகுக்காகச் செய்தால் வராது. தனியார் பாலிசிகளில் இது விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடல் ஆபத்தை நீக்க அவசியம் என்று டாக்டர் எழுதித் தரும் சிகிச்சைக்கும்தான் விதிவிலக்கு. கழுத்து வலி, தோல் படை எல்லாம் ஏற்கெனவே காட்டிய சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள், பேச உதவும்.

தனியாரில் சொல்கிற தொகையில் டாக்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், சிலிக்கான் பை, அறை, டெஸ்ட், கட்டு மாற்றுவது எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். அழகு ஆபரேஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதைக் கடைசியில் சேர்ப்பார்கள். வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும் இதைச் செய்யாதீர்கள். இது காத்திருக்கக்கூடிய ஆபரேஷன்.

கணவர் கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டார்களா?

18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் அவளுடையதுதான். 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஆணித்தரமாகச் சொன்னது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அவர் அம்மாவின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். வயது வந்த, சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக வேறொருவர் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது கோர்ட். ஆஸ்பத்திரியில் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பார்கள், அது துணைக்கு. அக்காவோ தோழியோ போதும்.

கணவரிடம் மறைத்துச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு வாரம் வீட்டு வேலையை யாராவது பார்க்க வேண்டுமே.

ஆண் டாக்டராக இருந்தால்? மாணவர்கள் எல்லாம் வந்து பார்ப்பார்களாமே?

எந்த டாக்டர் பார்த்தாலும் கூடவே ஒரு பெண் நர்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள். ஸ்டான்லி கற்பிக்கிற ஆஸ்பத்திரி, மாணவர்கள் இருப்பார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அளவு பார்க்க போட்டோ எடுப்பார்கள், முகம் வராமல். ஆஸ்பத்திரி கேமராவில் எடுக்கிறார்களா, யாருடைய சொந்த போனிலாவது எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். விளம்பரத்துக்குப் போடலாம் என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் உங்களை நிற்க வைத்து டாக்டர் மார்பில் பேனாவால் கோடு போடுவார். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், அதனால்தான் நிற்க வைப்பது. பத்து நிமிஷத்துக்கு மேல்கூட ஆகும். நிறையப் பெண்களுக்கு ஊசியைவிட அந்த நிமிஷங்கள்தான் கஷ்டம். கண்ணை மூடிக்கொள்ளாமல், அந்தக் கோடு எதற்கு, காம்பு எங்கே வரும் என்று அப்போதே கேளுங்கள்.

தாலியைக் கழற்ற வேண்டுமா?

வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைத்துச் சுடுவார்கள்; உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோகலாம். தங்கத்தைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதையும் முதல் நாளே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சுப் பகுதியில் ஆபரேஷன் என்பதால் கையில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எத்தனை நாளில் பழையபடி வேலை செய்யலாம்?

உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இரண்டு வாரம். வட சென்னையில் பெண்கள் செய்கிற வேலை அப்படிப்பட்டதா என்ன? அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. பெரிய குடம் நிறைந்தால் 15 கிலோ வரும். குடத்தைவிட மோசமானது அடிபம்பு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தையல் போட்ட இடத்துக்கு நேர் அடியில் இருக்கும் தசைதான் வேலை செய்கிறது. லாரித் தண்ணீர் வருகிற தெரு என்றால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் யார் தண்ணீர் பிடிப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி என்றால் படி ஏறலாம், சுமை இல்லாமல். கூடையை இடுப்பிலோ தலையிலோ தூக்கி மீன் விற்கிறவர்கள் இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்புக் குழந்தை இருந்தால் அதுதான் பெரிய சோதனை. தூக்கச் சொல்லி அழும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வேறு யாராவது குழந்தையை மடியில் கொண்டுவந்து வைக்கட்டும். மார்பில் உதைக்காதபடி தலையணையை அணைவாக வையுங்கள்.

ஷேர் ஆட்டோவில் முதல் இரண்டு வாரம் ஏறாதீர்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போகும். கொடுக்கிற இறுக்கமான பிராவை ராத்திரியும் பகலும் ஆறு வாரம் போட வேண்டும். வியர்க்கும், அதனால் மாற்றிக் கட்ட இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கோடையைத் தவிர்த்துக் குளிர்காலத்தில் நாள் வாங்குங்கள். மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். பால் சுரக்கச் சுறாப் புட்டு வைத்துக் கொடுத்த அதே அம்மா, இப்போது மீனே கூடாது என்பார். அன்பால் சொல்கிறார், ஆனால் மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள்.

தழும்பு மறையுமா? உணர்ச்சி போய்விடுமா?

தழும்பு முழுதாக மறையாது. முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும், ஒரு வருஷத்துக்கு மேல் ஆனால் மங்கும். நம் நிறத் தோலில் தழும்பு புடைத்து வளரும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ, சிசேரியன் தழும்பிலோ அப்படிப் புடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிலிக்கான் ஜெல் தடவச் சொல்வார்கள், மாதக்கணக்கில் விடாமல் தடவ வேண்டும்.

காம்பில் மரத்துப்போன உணர்வு பலருக்கு வரும், பல மாதத்தில் திரும்பும். சிலருக்குத் திரும்பாமலே போகும். இது தாம்பத்தியத்தைத் தொடுகிற விஷயம், அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தால் பதற வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கிக் கல்லாகி, வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம்; காலை வரை காத்திருக்காதீர்கள். காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும் அப்படியே. காய்ச்சல், சீழ் வாடை இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். கெண்டைக்காலில் வலி, வீக்கம், திடீர் மூச்சுத் திணறல் என்றால் 108.

குழந்தை பிறந்ததிலிருந்து என் உடம்பைப் பார்த்தாலே அழுகை வருகிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?

அம்மா, முதலில் அந்த அழுகையைப் பார்ப்போம். தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, குழந்தை மேல் ஒட்டுதல் வரவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு, குணமாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மனம் தெளிந்த பிறகும் இந்த ஆசை இருந்தால் அப்போது டாக்டரிடம் போகலாம்.

முதல் நாள் ஓ.பி.க்குப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது?

ஆதார் கார்டு, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு (ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் அங்கே கொடுத்த சீட்டே போதும்), பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட்டோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகப் பால் கொடுத்தது எந்த மாதம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் பேச்சு வராவிட்டால் தாளை அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிடலாம்.